வீட்டிலே செய்த மின்மானி ஏன் பிழை சொல்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டார் மின்சாரத்தின் அருமையைப் பாடநூலிலிருந்து கற்றவர்கள் அல்லர். 1990களில், போரின் காரணமாகக் குடாநாடு நாட்டின் பொது மின்வலையமைப்பிலிருந்து பிரிந்து கிடந்தபோது, சைக்கிளை நிறுத்திவைத்து மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலே பிறந்த மின்னைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் இங்கே அனேகம். ஒருவர் சுழற்ற மற்றவர்கள் செவிசாய்ப்பார்கள். சுழற்றுபவர் களைத்தாற் செய்தியும் களைத்துப்போகும். மின்சாரம் உழைப்பின் மறுவடிவம் என்பதை அந்தத் தலைமுறைக்கு எவரும் எடுத்து விளக்க வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டிலே கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை 132 கிலோவோல்ற்று வழி அமைந்து, குடாநாடு மீண்டும் பொது வலையமைப்போடு இணைந்தது. பின்னர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலும், 2023 பெப்புருவரியிலும் மின்கட்டணம் பெரிதும் உயர்ந்தது.

கட்டணம் உயர்ந்தபின், வீட்டிலுள்ள எந்தப் பொருள் எவ்வளவு மின்சாரத்தை உண்கிறது என்று அறியும் ஆவல் எழுவது இயல்பே. இலங்கையின் வீட்டுக் கட்டண முறையில் இந்த ஆவலுக்குத் தனியான ஒரு காரணமும் உண்டு. மாதத்துக்கு 60 அலகு வரை பாவிக்கும் வீடுகளுக்கு ஒரு கட்டணப் படி. 60ஐத் தாண்டினால் வேறொரு படி. தாண்டிய அலகுகளுக்கு மட்டும் கூடிய கட்டணம் அறவிடப்படுவதோடு காரியம் முடிவதில்லை. முதல் அலகிலிருந்தே கணக்கு மாறிவிடுகிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் இவ்வெல்லை இருந்தது. ஆகவே 59க்கும் 61க்கும் இடையே உள்ள தூரம், இரண்டு அலகின் தூரம் அன்று. சிறு குடும்பமொன்றுக்கு அது பிள்ளைகளின் கொப்பிக் காசாகவும் இருக்கலாம்.

இவ்வெல்லையைக் கண்காணிப்பதற்காகவே, கைத்திறன் மிக்க இளைஞர்கள் வீட்டிலேயே மின்மானி செய்து மாட்டுகிறார்கள். 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரியா நகரிலே தோன்றிய ‘ஆடுவினோ’ என்னும் சிறு கணிப்புப் பலகையும், கம்பியைக் கவ்விப் பிடிக்கும் ஓட்ட நிலைமாற்றி ஒன்றும், சில தடையிகளும், ஒரு கொள்ளளவியும் இருந்தாற் போதும். வேல்சு நாட்டிலே தொடங்கிய ‘ஓப்பன் எனர்ஜி மொனிற்றர்’ என்னும் முயற்சியினர் இதற்கான வரைபடங்களையும் செயல்நிரல்களையும் எவரும் எடுத்துப் பயன்படுத்துமாறு வெளியிட்டுள்ளனர். செய்வது கடினமன்று. செய்த கருவி உண்மை சொல்கிறதா என்பதே வினா.

வலிகாமத்தில் ஒரு வீட்டைக் கற்பனையில் எடுத்துக்கொள்ளலாம். மின்குமிழ்கள், இரண்டு விசிறிகள், குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டார், தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் ஆகியன அங்கே உள்ளன. வீட்டில் செய்த மானி ஒரு மாதத்தில் 52 அலகு காட்டியது. மின்கட்டணப் பட்டியலோ 65 என்றது. வீட்டுப் பிள்ளை நிரலைத் திறந்து, எல்லா அளவையும் 1.25ஆற் பெருக்கிவிட்டான். கணக்கு ஒத்துவிட்டது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த மாதம் கருவி 75 என்றது. பட்டியலில் இருந்தது 63. இதற்கிடையில், இரவு எல்லா ஆளிகளையும் அணைத்த பின்னும் கருவி 30 உவாற்று காட்டியதால், எங்கோ மின் ஒழுகுகிறது என்று அஞ்சி, குளிர்சாதனப் பெட்டியை இரவில் நிறுத்தி வைத்தார்கள். பால் புளித்ததுதான் மிச்சம்.

அந்தப் பிள்ளை செய்த தவறு, இவ்வகைக் கருவிகளைச் செய்வோர் பெரும்பாலும் செய்யும் தவறே. பட்டியலோடு ஒத்துப்போகும்வரை ஓர் எண்ணை மாற்றுவது திருத்தமன்று, பிழையை மூடிவைப்பது. ஏனெனிற் பிழைகள் ஒரே இனத்தவை அல்ல. எல்லா அளவையும் ஒரே விகிதத்திற் கூட்டியோ குறைத்தோ காட்டும் பிழை ஒன்று. சிறிய சுமைகளில் மட்டும் தலைகாட்டும் பிழை இன்னொன்று. சில பொருள்களை மட்டும் தவறாக எடைபோடும் பிழை மூன்றாவது. பெருக்கல் எண் முதலாவதற்கு மட்டுமே மருந்து. தராசின் படிக்கல் குறைந்திருப்பதும், தட்டிலே ஈரம் ஒட்டியிருப்பதும், பொருளோடு கல் கலந்திருப்பதும் மூன்று குறைகள் அல்லவா?

பிழை தேடுமுன் கருவியின் இயல்பைச் சற்று நோக்கல் வேண்டும். கம்பியில் ஆடலோட்டம் பாயும்போது அதைச் சூழக் காந்தப் புலம் எழுந்து மாறிக்கொண்டிருக்கும். அம்மாற்றம் அருகிலுள்ள சுருளில் மின்னைத் தூண்டும் என்பதை 1831இல் மைக்கேல் பரடே கண்டறிந்தார். கவ்வியின் உள்ளே இருப்பது அத்தகைய சுருளே. பரவலாக விற்பனையாகும் 100 அம்பியர் கவ்வியில் 2000 சுற்றுகள் உள்ளன. எனவே கம்பியில் 100 அம்பியர் ஓடினால் சுருளில் 50 மில்லி அம்பியர் ஓடும். அச்சிற்றோட்டத்தை ஒரு தடையியின் வழியே செலுத்தினால் அதன் இரு முனைகளிலும் சிறு வோல்ற்றளவு தோன்றும். கணிப்புப் பலகை அதையே அளக்கிறது.

முதலில் எளிய குறைகள். உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் சேர்ந்த முழு வடத்தையும் கவ்வியினுள் வைத்தால், போகும் ஓட்டமும் திரும்பும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துவிடும். கருவி பூச்சியம் காட்டும். ஒரு கம்பியை மட்டுமே கவ்வல் வேண்டும். கவ்வியின் இரு பாதிகளும் நன்கு பொருந்தாமல், இடையே தூசியோ மயிரிழை அளவு வெளியோ இருந்தால் அளவு குறைந்துவிடும். செம்மண் புழுதி எதிலும் புகும் ஊர்களில் இது நினைவிற் கொள்ளத்தக்கது. கவ்விகளிலும் இரு வகை உண்டு. ஒன்று ஓட்டத்தைத் தருவது. அதற்கு வெளியே தடையி வேண்டும். மற்றது தன்னுள்ளேயே தடையியைக் கொண்டு, 30 அம்பியருக்கு 1 வோல்ற்று எனத் தருவது. இரண்டாவது வகைக்கு வெளியேயும் ஒரு தடையியைச் சேர்த்துவிட்டு, அளவு ஏன் இவ்வளவு குறைந்தது என்று திகைப்போர் உண்டு. கவ்வியின் பக்கத்தில் அச்சிட்டிருப்பதை வாசித்தாற் போதும், வாசிப்பவர்தாம் குறைவு.

இனி அந்த இரவு நேரத்து 30 உவாற்றுக்கு வரலாம். ஆடுவினோவின் பொதுவான பலகை 0 முதல் 5 வோல்ற்று வரையுள்ள அளவை 1024 படிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லி வோல்ற்று. 100 அம்பியர் கவ்வியோடு 33 ஓம் தடையியைச் சேர்த்தால், 1 அம்பியருக்குக் கிடைப்பது 16.5 மில்லி வோல்ற்று. 9 உவாற்று மின்குமிழ் ஒன்று எடுப்பதோ 0.1 அம்பியரினும் குறைவு. அதன் அடையாளம் ஒரு படியின் உயரத்தைக்கூட எட்டாது. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் மஞ்சள் நிறுப்பது போன்றது இது. அதே வேளையில், சுற்றிலுள்ள மின் இரைச்சல் ஒரு படியின் பாதியளவு நடுங்கினாலும், கருவி அதனை ஓட்டமென்றே எண்ணும். எதுவும் ஓடாதபோது 0.1 அம்பியர் என்று அது சொன்னால், 230 வோல்ற்றாற் பெருக்க 23 உவாற்று ஆகிறது. முப்பது நாளைக்கு 720 மணித்தியாலம். பெருக்கினால் 16 அலகுக்கு மேல். அறுபது அலகு எல்லையிலே நிற்கும் வீட்டுக்கு, இல்லாத ஒரு பேயை இரவெல்லாம் கருவி கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பேயைக் கழித்துவிடலாமே என்றால், அதுவும் நேரான வழியன்று. பெரிய ஓட்டம் பாயும்போது இவ்விரைச்சல் அதனுள் மூழ்கிவிடும்; 4 அம்பியரோடு அது சேர்ந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. வீடு உறங்கும்போது மட்டுமே அது விழித்திருக்கும். பகலிலும் இரவிலும் ஒரே அளவைக் கழித்தால் பகற்கணக்குக் கெடும். சிறந்த பரிகாரம், வீட்டுக்கு ஏற்ற கவ்வியைத் தெரிந்தெடுப்பதே. 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கு 100 அம்பியர் கவ்வி எதற்கு? அதையே பயன்படுத்த நேர்ந்தால், கம்பி இடங்கொடுக்குமானால், அதைக் கவ்வியினூடாக இரண்டு மூன்று முறை சுற்றி எடுக்கலாம். மூன்று சுற்று என்றால் கருவி மும்மடங்கு காணும். நிரலில் மூன்றால் வகுத்துக்கொள்ளலாம். இரைச்சலின் பங்கு அதற்கேற்பக் குறையும்.

மூன்றாவது இனப் பிழை நுட்பமானது. அதிகமானோர் ஏமாறுவதும் இங்கேதான். கவ்வி ஒன்றை மட்டும் வைத்துச் செய்த கருவி ஓட்டத்தை மட்டுமே அறியும். வோல்ற்றளவு 230 என்று அது நம்பிக்கொள்கிறது. ஆனால் நிலைமாற்றியிலிருந்து தொலைவில், வழியின் கடைக்கோடியில் உள்ள வீடுகளில் மாலைப் பொழுதில் அழுத்தம் தாழ்ந்துவிடும். 230 வோல்ற்றில் 1000 உவாற்று எடுக்கும் மின்னழுத்தி, 207 வோல்ற்றில் 810 உவாற்றே எடுக்கும். கருவியோ 900 என்று சொல்லும்.

இதனினும் பெரிய ஏமாற்றம் மோட்டாரினால் வருவது. துலா மிதித்து நீரிறைத்த காலத்தை அறிந்த முதியோருக்கு இதை விளக்குவது எளிது. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து இறக்கி ஏற்றுவார். மிதிப்பவரின் நடையும் பிடிப்பவரின் கையும் ஒத்தால் பட்டை நிறைய நீர் வரும். ஒவ்வாது போனால் இருவர் வியர்வையும் சிந்தும், நீர் மட்டும் குறையும். ஆடலோட்டத்தில் வோல்ற்றளவும் ஓட்டமும் அந்த இருவரைப் போன்றவை. கேத்தலிலும் மின்னழுத்தியிலும் இரண்டும் ஒத்து நடக்கும். மோட்டாரில் ஓட்டம் சற்றுப் பிந்தி நடக்கும். ஆகவே வோல்ற்றளவையும் ஓட்டத்தையும் வெறுமனே பெருக்கி வருவது உண்மையான வலு அன்று. அதை வலுக்காரணி என்னும் பின்னத்தாற் பெருக்கல் வேண்டும். கிணற்று மோட்டார் 4 அம்பியர் எடுக்கிறதெனக் கொண்டால், 230ஆற் பெருக்க 920 வரும். வலுக்காரணி 0.7 ஆயின் உண்மை வலு 644 உவாற்று மட்டுமே. கட்டணத்துக்கு மானி எழுதுவது 644ஐ. கைவினைக் கருவி எழுதுவது 920ஐ. மழையற்ற ஆடி, ஆவணி மாதங்களில் தோட்டத்துக்கும் சேர்த்து மோட்டார் ஓடுமானால் இவ்வேறுபாடு நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். மேற்சொன்ன வீட்டில் இரண்டாம் மாதக் கணக்குப் பிறழ்ந்ததற்கு இது ஒரு காரணமாகலாம். முதல் மாதம் குறைவுக்காக இட்ட 1.25 என்னும் எண், மோட்டாரின் பொய்க்கணக்கையும் சேர்த்தே பெருக்கிவிட்டது.

இதற்குத் தீர்வு வோல்ற்றளவையும் அளப்பதே. 9 வோல்ற்று ஆடலோட்டம் தரும் சிறு நிலைமாற்றி ஒன்றைக் கருவியோடு இணைத்தால், ஒவ்வொரு கணத்திலும் இரண்டையும் பெருக்கிச் சராசரி காணலாம். கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் அடைப்பி இதற்கு உதவாது. அது தருவது நேரோட்டம், அலையின் வடிவம் அதில் இல்லை. வோல்ற்றளவை அளப்பதனால் வேறொரு நன்மையும் கிடைக்கிறது. இரைச்சலுக்கு வோல்ற்றளவின் தாளம் தெரியாது. ஆகையாற் பெருக்கிச் சராசரி எடுக்கும்போது அது ஒருமுறை கூடியும் ஒருமுறை குறைந்தும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். இரவுப் பேயும் பெரும்பாலும் ஒழிந்துபோகும். எனினும் நிலைமாற்றியும் கவ்வியும் தாமே அலையைச் சற்று இடம்பெயர்க்கும். கேத்தலை மட்டும் போட்டுப் பார்க்கும்போது கருவி வலுக்காரணியை 1 என்று காட்டாமல் 0.95 என்று காட்டினால், குறை கேத்தலில் இல்லை. நிரலிலே அந்த இடப்பெயர்ச்சியைச் சரிசெய்தல் வேண்டும்.

இவற்றையெல்லாம் எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? வீட்டு மதிலிலே முத்திரையிட்டுத் தொங்கும் மானியே நல்ல ஆசிரியர். பழைய மானியில் ஓர் அலுமினியத் தட்டுச் சுழலும். 1889இல் ஹங்கேரியில் ஒட்டோ பிளாதி உருவாக்கிய தூண்டல் மானியின் வழிவந்தது அது. அதன் முகப்பிலே ஓர் அலகுக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருக்கும். புதிய மானியில் ஒரு சிறு செவ்வொளி மினுங்கும். ஓர் அலகுக்கு எத்தனை மினுக்கம் என்பதும் எழுதியிருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேத்தலை மட்டும் போடவேண்டும். மின்னழுத்தி வேண்டாம், அது சூடேறியதும் தானே நின்று தானே தொடங்கும். 1600 மினுக்கத்துக்கு ஓர் அலகு என்றால் 32 மினுக்கம் 20 உவாற்று மணித்தியாலம் ஆகும். அதற்கு 48 விநாடி சென்றால் வலு 1500 உவாற்று. 400 சுற்றுள்ள பழைய மானியானால், 5 சுற்றுக்கு 30 விநாடி சென்றாலும் அதே 1500தான். கருவி அவ்வேளையில் 1380 காட்டினால், பெருக்கல் எண்ணை அந்த விகிதத்தில் உயர்த்துவது நியாயம். வோல்ற்றளவை அளவாத கருவியாயின், அன்றைய அழுத்தமும் அவ்வெண்ணுக்குள் புகுந்துகொள்ளும் என்பதையும், காலையிற் சரிசெய்தது மாலையிற் பிறழலாம் என்பதையும் மறத்தலாகாது.

அதன்பின் ஓரிரு மின்குமிழ்களை மட்டும் போட்டும், அடுத்து மோட்டாரை மட்டும் ஓட்டியும், இதே சோதனையைச் செய்தல் வேண்டும். சிறிய சுமைக்கு மினுக்கங்கள் மெல்லவே வரும், பொறுமை தேவை. கேத்தலில் மட்டும் பிழை என்று ஒன்று இராது. அங்கே பிழையானால் எங்கும் அதே விகிதத்திற் பிழையாகும், அதற்குப் பெருக்கல் எண் போதும். கேத்தல் சரி, மின்குமிழ் பிழை என்றால் இரைச்சல். இரண்டும் சரி, மோட்டார் பிழை என்றால் வலுக்காரணி. வைத்தியர் நாடி பார்க்கும் வரிசை போல இவ்வரிசையை மாற்றாதிருத்தல் நன்று. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தலும் வேண்டும்.

கருவிக்கு ஊட்டும் மின்னும் பிழைக்கு இடமாகும். மலிவான அடைப்பி 5 வோல்ற்றுக்குப் பதில் 4.7 தந்தால், படிகளின் உயரமே மாறிவிடும். அடைப்பியை மாற்றிய அன்றே அளவு மாறியதானால் காரணம் அதுவே. கருவி விழித்தெழும் முதற் சில விநாடிகளில் அது சொல்லும் பெரிய எண்களையும் கணக்கிற் சேர்க்கலாகாது. உள்ளேயுள்ள கொள்ளளவி நிரம்பும்வரை அது உளறும்.

இன்னும் சில பிழைகள் மின்னியலைச் சேர்ந்தவையே அல்ல. மின்கட்டணப் பட்டியல் மாதம் முதலாந் திகதியில் தொடங்கி முடிவதில்லை. மானி வாசிப்பவர் வந்துபோன நாளிலிருந்து மறுமுறை வரும் நாள்வரை அதன் கணக்கு. அது 28 நாளாகவும் இருக்கலாம், 33 நாளாகவும் இருக்கலாம். நாளுக்கு 2 அலகு எடுக்கும் வீட்டில் மூன்று நாள் வேறுபாடு 6 அலகு. மேற்சொன்ன வீட்டின் முதல் மாதக் குறைவில் பாதி இதிலேயே அடங்கிவிடலாம். கருவியின் நினைவு மின்வெட்டோடு அழிந்துபோவது வேறொரு காரணம். கணக்கை நிலையான நினைவகத்தில் எழுதிவைப்பது நல்லதே. ஆயினும் அந்நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஏறத்தாழ 1,00,000 முறை எழுதும் ஆயுளே உறுதிசெய்யப்பட்டுள்ளது. நிமிடத்துக்கொரு முறை எழுதினால் எழுபது நாளில் அது தீர்ந்துவிடும். மணிக்கொரு முறை எழுதினால் பதினொரு ஆண்டு.

கூரையிற் சூரியத்தகடு பொருத்திய வீடுகளுக்கு ஒரு சொல். 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டம் தொடங்கியபின் இத்தகைய வீடுகள் பெருகின. நண்பகலில் அவ்வீடுகளிலிருந்து மின் வெளியே பாயும். ஓட்டத்தை மட்டும் அறியும் கவ்விக்குத் திசை தெரியாது. வெளியே விற்றதையும் உள்ளே வாங்கியதாகவே எழுதிவைக்கும். அங்கே வோல்ற்றளவையும் அளக்கும் கருவியே பொருந்தும். கவ்வியைத் திருப்பி மாட்டினால் வரவும் செலவும் இடம்மாறும் என்பதால், அதன் மேலுள்ள அம்புக்குறியையும் பார்த்தல் வேண்டும்.

இத்தனையும் செய்யும்போது உயிருக்கு ஆபத்து நேராதிருத்தல் வேண்டும். மானியின் முத்திரையைத் தொடவே கூடாது, அது குற்றமுமாகும். பிரதான ஆளிப் பெட்டியைத் திறந்து கவ்வியை மாட்டுவது அனுமதி பெற்ற மின்னியலாளர் செய்யவேண்டிய வேலை. காவற்பூச்சுள்ள கம்பியின் மேல்தான் கவ்வி இருத்தல் வேண்டும். தடையியும் காப்பும் இல்லாத ஓட்ட நிலைமாற்றியை ஓட்டமுள்ள கம்பியில் மாட்டிவைத்தால் அதன் முனைகளில் உயர்ந்த அழுத்தம் எழக்கூடும். ஆகவே முதலில் தடையியைப் பொருத்தி, அதன்பின்பே கம்பியைக் கவ்வவேண்டும். கழற்றும்போது முதலிற் கம்பியை விடுத்து, அதன்பின்பே தடையியை நீக்கவேண்டும்.

கருவி சீரானபின்னும் மானி வாசிப்பவர் வரும் நாளில் இரண்டு எண்களையும் ஒரு தாளில் அருகருகே எழுதி, திகதியும் இட்டு, மானிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். நூற்றுக்கு இரண்டு மூன்று வேறுபாடு கைவினைக் கருவிக்குக் குறையன்று. அறுபதை நெருங்கும் வீட்டார் ஐம்பத்தெட்டிலேயே விழித்துக்கொண்டாற் போதும். குளிர்சாதனப் பெட்டி தன் பாட்டில் ஓடட்டும்.